கூரைக்கான காசை முதலில் எடுத்து வையுங்கள்

அத்தியாயம் 6: கரையோர ஊர்களில் வாடகை வீடு கட்டப் பணம் திரட்டுதல்

மருதமுனையிலிருந்து தெற்கே பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவில் உள்ள மணல் தரையில்தான் குடியிருப்பு முழுவதும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த கடல், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கரையோரத்து வளவுகளில் பலரால் திரும்பக் கட்ட முடியவில்லை. மேற்கே வயலை நிரப்பலாம் என்றால், 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். அது இலேசில் கிடைப்பதில்லை, கிடைக்கவும் கூடாது. நெல் விளையும் நிலத்தை மூடினால் மாரி வெள்ளம் ஊருக்குள் வரும்.

காணி இப்படி ஒடுங்கிக் கிடக்க, வீடு தேடி வருவோர் குறையவில்லை. கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக்கும் மாற்றலாகி வரும் தாதியர், நீதிமன்றத்திலும் வங்கிகளிலும் வேலை செய்வோர், ஸாஹிராவிலோ மஹ்மூதிலோ கார்மேல் பற்றிமாவிலோ பிள்ளையைச் சேர்த்துவிட்டு அருகில் குடிவர நினைக்கும் குடும்பங்கள், புதிதாகக் கல்யாணம் முடித்து வீட்டு வேலை முடியும்வரை ஒதுங்க இடம் தேடும் சோடிகள் என்று வரிசை நீளம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வந்த பிறகு பாலமுனை, அட்டாளைச்சேனை, நிந்தவூர்ப் பக்கமும், பிரயோக விஞ்ஞான பீடம் இருப்பதால் சம்மாந்துறையிலும் அறைகளுக்குத் தேவை கூடிவிட்டது.

இந்தத் தேவையை நிரப்பக் கம்பனிகள் வருவதில்லை. இங்கே வாடகை வீடு என்பது யாரோ ஒருவருடைய சொந்த வீட்டின் பின்கட்டு, மேல்மாடி, அல்லது வளவின் மூலையில் எழுப்பிய இரண்டு அறை. அதைக் கட்டுகிறவர் கட்டார்க் காசையும் நகையையும் சீட்டையும் வங்கிக் கடனையும் ஒன்றுசேர்த்துக் கட்டுகிறார். ஆகவே இந்த அத்தியாயம் பெரிய முதலீட்டாளருக்கு எழுதப்பட்டதல்ல. ஒரு வளவும் ஓரளவு சேமிப்பும் வைத்துக்கொண்டு, வாடகைக்கு ஒரு பகுதி கட்டலாமா என்று யோசிக்கும் குடும்பத்துக்கு எழுதப்பட்டது.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு கட்டும் பணம் எந்த ஒழுங்கில் செலவாகிறதோ அந்த ஒழுங்குதான் அந்த வீட்டின் சூட்டைத் தீர்மானிக்கிறது. அத்திவாரம் முதலில், சுவர் பிறகு, கூரை கடைசி. வங்கியும் இதே படிகளில்தான் கடனை விடுவிக்கிறது. மதிப்பிட்டதைவிடச் சீமெந்துக்கும் கம்பிக்கும் கூடுதலாகப் போய்விட, கூரைக்கு வரும்போது கையில் மிஞ்சியிருப்பதற்கு என்ன கிடைக்குமோ அதைப் போட்டு மூடுகிறார்கள். பெரும்பாலும் அது அஸ்பெஸ்டஸ் சீற். சீலிங் "பிறகு பார்ப்போம்" என்று நிற்கும். அந்தப் பிறகு வருவதேயில்லை. அதனால், கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும் முன்பே கூரைக்கும் சீலிங்குக்கும் உரிய தொகையை வேறாக்கி, தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அறை ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை.

வெயில் எங்கிருந்து வருகிறது

கல்முனை ஏறத்தாழ 7.4 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு கிழமை முன்பும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் மதியச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். வருடம் முழுவதும் உச்சியைவிட்டு அதிகம் விலகுவதும் இல்லை. வீட்டுக்குள் வரும் சூட்டில் பெரும்பங்கு கூரை வழியாக வருகிறது. அடுத்து மேற்குச் சுவர், பிறகு கிழக்குச் சுவர். வடக்கும் தெற்கும் பெரிய உபத்திரவம் தருவதில்லை.

காற்றிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து மலை இறங்கி வரும் கச்சான் காற்று காய்ந்தது, சூடானது. மேற்கு யன்னலைப் பகலில் திறந்து வைத்தால் அடுப்பங்கரைக்குள் இருப்பது போலிருக்கும். பின்னேரம் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். எனவே பெரிய யன்னல்கள் கிழக்கில், அதற்கு நேர் எதிரே காற்று வெளியேற மேற்கில் சிறிய, மூடித் திறக்கக்கூடிய வாய்கள். சமையலறை, குளியலறை, மாடிப்படி ஆகியவற்றை மேற்குப் பக்கம் தள்ளிவிட்டால் படுக்கையறைக்கு அவையே திரை.

ஒரு பின்கட்டை உதாரணத்துக்கு எடுப்போம். இரண்டு அறை, ஒரு சிறு கூடம், அஸ்பெஸ்டஸ் சீற், சீலிங் இல்லை. குடியிருப்பது ஒரு ஆசிரியை, அவருடைய உம்மா, ஒரு குழந்தை. பங்குனி மாதத்தில் பின்னேரம் மூன்று மணிக்கு அந்தக் கூடத்தில் நின்று கையை மேலே தூக்கிப் பிடித்தால் உள்ளங்கையில் சூடு இறங்குவது தெரியும். காற்றின் சூடு வேறு, இது வேறு. வெயிலில் காய்ந்த சீற் தன் சூட்டைக் கதிராகக் கீழே விடுகிறது. மின்விசிறி அதைத் தணிக்காது. சூடான காற்றைக் கீழே தள்ளித் தருவதுதான் அது செய்யும் வேலை. "ராத்தா, பகல்ல உள்ளுக்க இருக்க ஏலாம கிடக்கு" என்று வீட்டுக்காரப் பெண்ணிடம் அவர் சொன்னால், வாடகையைக் குறைக்கச் சொல்கிறார் என்றுதான் அந்தப் பெண் எடுத்துக்கொள்வார். சொன்னவருக்கு வேண்டியிருப்பது கதிரைத் தடுக்கும் ஒரு படலம்.

அந்தப் படலம் மலிவானது. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே மினுங்கும் அலுமினியத் தாள் விரித்து, அதன் மினுங்கும் பக்கத்தில் குறைந்தது ஒரு அங்குல வெற்றிடம் விட வேண்டும். வெற்றிடம் இல்லாமல் சீற்றோடு ஒட்டிவிட்டால் தாள் வேலை செய்யாது, பாஸ்மாருக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சீலிங்குக்கு மேலே தேங்கும் சூடு வெளியேற இருபக்க முக்கோணச் சுவரிலும் வலை அடித்த துளைகள் விட வேண்டும். ஓடு போட முடிந்தால் ஓடே சிறந்தது. சீற் தவிர்க்க முடியாதென்றால் மேலே வெள்ளைப் பூச்சு அடியுங்கள். கூரை இறவாரத்தை இரண்டரை முதல் மூன்று அடிவரை நீட்டுங்கள். மாரி மழையில் சுவரையும் அது காக்கும்.

பிற்காலத்தில் மேல்மாடி எழுப்பலாம் என்று கொங்கிறீட் போட்டு, தூண் கம்பிகளை நீட்டிவிட்டு நிறுத்திய வீடுகள் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் நிறைய. அந்தத் தட்டு பகல் முழுவதும் வெயிலைக் குடித்து, இரவு நடுச்சாமம்வரை கீழே விட்டுக்கொண்டிருக்கும். பகலில் வேலைக்குப் போய் இரவில் வந்து படுப்பவருக்கு இதைவிடக் கொடிய கூரை இல்லை. மேல்மாடி கட்டும்வரை தட்டின்மேல் வருடாவருடம் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். முடிந்தால் ஒரு ஆள் உயரத்தில் கிடுகுப் பந்தல் போடுங்கள். உடுப்புக் காயப்போடவும் அந்த நிழல் உதவும்.

குடியிருப்பவரின் கணக்கு

வாடகைக்கு வருகிறவர் வாடகையை மட்டும் பார்ப்பதில்லை. வாடகையையும் கரண்ட் பில்லையும் கூட்டித்தான் பார்க்கிறார். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் அடுத்தடுத்துப் பெரிதாக உயர்ந்த பிறகு இந்தப் பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டது. பிறகு கட்டணம் கூடியும் குறைந்தும் போயிருக்கிறது, ஆனால் படிமுறை மாறவில்லை. மாதம் 60 அலகைத் தாண்டும் வீட்டுக்கு 60 வரை ஒரு விலை, 61 முதல் 90 வரை இன்னொன்று, 91 முதல் 120, 121 முதல் 180, அதற்கு மேல் என்று படிக்குப் படி விலை ஏறும். நிலைக் கட்டணமும் படியோடு சேர்ந்து ஏறும்.

இதில் வீட்டுக்காரர் முதலில் கவனிக்க வேண்டியது மீற்றர். முன்வீடு மாதம் 70 அலகு, பின்கட்டு 70 அலகு என்று வையுங்கள். இரண்டும் ஒரே மீற்றரில் ஓடினால் 140 அலகு, அதாவது 121 முதல் 180 வரையான படி. தனித்தனி மீற்றர் என்றால் இரண்டு வீடுமே 61 முதல் 90 வரையான படியில் நின்றுவிடும். ஒரே மின்சாரம், ஒரே பாவனை, ஆனால் பில் வேறு. இரண்டாவது இணைப்புக்கு என்னென்ன தேவை என்று அத்திவாரம் போடுமுன் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் கேட்டு, வயரிங்கை ஆரம்பத்திலேயே பிரித்துவிடுங்கள். கட்டி முடித்தபின் சுவரை உடைத்துப் பிரிப்பது வீண் செலவு. உபமீற்றர் வைத்துப் பில்லைப் பங்கிடுவதால் சண்டை குறையலாம், படி இறங்காது.

அடுத்தது மின்விசிறி. சாதாரணச் சீலிங் மின்விசிறி ஏறத்தாழ 75 வொட் இழுக்கும். நாளைக்கு 12 மணித்தியாலம் ஓடினால் மாதம் 27 அலகு. பிஎல்டிசி மோட்டர் பொருத்திய மின்விசிறி 30 வொட் அளவில் ஓடும், அதே 12 மணித்தியாலத்துக்கு மாதம் 11 அலகுக்கும் குறைவு. ஒன்றில் 16 அலகு, இரண்டில் 32 அலகு மிச்சம். மாதம் 110 அலகு எரித்த குடும்பம் 78 இல் நிற்கும், ஒரு படி இறங்கிவிடும். மிச்சத்தின் பெறுமதியை அறிய, குறையும் அலகுகள் உங்கள் பில்லின் எந்தெந்தப் படியில் விழுகின்றன என்று பாருங்கள், அந்தந்தப் படியின் விலையால் பெருக்குங்கள். சராசரி விலையால் பெருக்கினால் மிச்சத்தைக் குறைத்து மதிப்பிடுவீர்கள், ஏனென்றால் குறைவது எப்போதும் விலைகூடிய கடைசி அலகுகளே.

கிணற்று மோட்டரையும் மறக்காதீர்கள். இந்த மணலில் தண்ணீர் ஆழமில்லை. தேவைக்கு மேற்பட்ட குதிரைவலு மோட்டரை வாங்கிப் பூட்டி, நாளைக்கு நாலு தடவை போடுவதைவிட, உயரத்தில் ஒரு தாங்கி வைத்து ஒரே தடவை நிரப்புவது நல்லது.

செலவு ஒருவருக்கு, மிச்சம் இன்னொருவருக்கு

உலகம் முழுவதும் வாடகை வீடுகள் சூடாகவோ குளிராகவோ கிடப்பதற்கு ஒரு பொதுக் காரணம் உண்டு. கூரைக்குக் காசு போடுகிறவர் வீட்டுக்காரர், பில்லில் மிச்சம் காண்கிறவர் குடியிருப்பவர். அப்படியிருக்க வீட்டுக்காரர் ஏன் போடுவார்? ஜேர்மனியில் அரசுக்குச் சொந்தமான கேஎஃப்டபிள்யூ வங்கி, குறிப்பிட்ட எரிசக்திச் சிக்கனத் தரத்தில் கட்டிடத்தை முடித்துக் காட்டினால் கடனின் ஒரு பகுதியைத் தள்ளிவிடும் திட்டங்களை நடத்தியது. இலங்கை மத்திய வங்கி 2022 மே மாதம் பசுமை நிதி வகைப்பாடு ஒன்றை வெளியிட்டிருக்கிறது. எந்தக் கடனைப் பசுமைக் கடன் என்று வங்கி கணக்கில் எழுதலாம் என்பதற்கான அடிப்படை அது. கிளை முகாமையாளரிடம் போகும்போது "பசுமை வீட்டுக் கடன் ஏதும் இருக்கிறதா, வட்டியில் சலுகை உண்டா" என்று கட்டாயம் கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் சொல்லப் போவதில்லை.

வங்கிக்குக் காத்திருக்காமல் இரு தரப்பும் தாங்களே செய்யக்கூடியதும் உண்டு. மிச்சத்தைப் பங்கிட்டு எழுதிக்கொள்வதே அது. சூடான பின்கட்டுக்கு ஊரில் என்ன வாடகை போகிறதோ அதோடு, குளிர்ந்த கூரையாலும் மின்விசிறியாலும் பில்லில் குறையும் தொகையின் பாதியைக் கூட்டி வாடகையாக வையுங்கள். மற்றப் பாதி குடியிருப்பவருக்கு. வீட்டைக் காட்டும்போது முந்தைய பன்னிரண்டு மாதப் பில்களையும் காட்டுங்கள். புதிய கட்டிடம் என்றால், முதல் வருடம் சாதாரண வாடகைக்கு விட்டு, பில் கைக்கு வந்தபின் அடுத்த வருடத்துக்கு மாற்றுவதாக உடன்படிக்கையிலேயே எழுதுங்கள். எழுதாமல் வாய்ப் பேச்சாக விட்டால் வருட முடிவில் இருவருக்கும் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

பணம் வரும் வழிகள்

இந்தக் கரையில் மிகப் பழகிய வழி முற்பணம். ஆறு மாதமோ ஒரு வருடமோ வாடகையை முன்கூட்டி வாங்கி, அந்தக் காசில் வேலையை முடிப்பார்கள். வட்டியில்லாத பணம் இது, நன்றாகப் பாவித்தால் கூரைச் செலவை முழுவதும் இதிலேயே அடக்கலாம். ஒரு எச்சரிக்கை: முழு வருட முற்பணத்தையும் வாங்கிச் செலவழித்துவிட்டால் அந்த வருடம் மாதாந்த வருமானம் இல்லை, வங்கித் தவணையோ மாதாமாதம் வரும். ஆகவே முற்பணத்தை மாதம் பாதியாகக் கழிப்பதாக எழுதுங்கள். 20,000 ரூபா வாடகைக்கு 1,20,000 முற்பணம் வாங்கினால், மாதம் 10,000 கழித்து 10,000 கையில் வாங்குவது. பன்னிரண்டு மாதத்தில் முற்பணம் தீரும், தவணைக்கும் வழியிருக்கும்.

இன்னொரு வழக்கம், பெருந்தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருந்து, வெளியேறும்போது முழுத்தொகையையும் திரும்ப வாங்குவது. கடனுக்குப் பதிலாக வீட்டின் பயனை அனுபவிப்பது வட்டியில் சேரும் என்று உலமாக்கள் பலர் விலக்குகிறார்கள். முஸ்லிம் குடும்பங்கள் இதில் இறங்குமுன் தங்கள் பள்ளிவாசலில் கேட்டுத் தெளிவது நல்லது. மார்க்கத்தை ஒருபக்கம் வைத்தாலும் எனக்கு இந்த முறையில் விருப்பமில்லை. இரண்டு வருடம் கழித்து முழுத்தொகையையும் ஒரேயடியாகத் திருப்ப வேண்டும். அந்த நாளில் வீட்டுக்காரரிடம் அது இருப்பதில்லை.

வங்கிப் பக்கம் வந்தால், அரச வங்கிகளோடு அரச ஈட்டு முதலீட்டு வங்கியும் எச்டிஎஃப்சி வங்கியும் வீட்டுக் கடனுக்கென்றே இருக்கின்றன. தனியார் துறையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வேலை செய்வோர் தங்கள் ஊழியர் சேமலாப நிதி மீதியைப் பிணையாக வைத்து வீட்டுக் கடன் பெறலாம். வட்டியில் இறங்க விரும்பாதவர்களுக்கு, 2005 இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டபின் இஸ்லாமிய வங்கி முறைக்கு வழி திறந்தது. 2011 இல் அமானா வங்கி முழுமையாக அந்த முறையில் தொடங்கியது. வேறு பல வங்கிகளும் தனிப் பிரிவு வைத்திருக்கின்றன. வீட்டுக்கு அவர்கள் வழக்கமாகத் தருவது குறைந்து செல்லும் முஷாரகா: வீட்டை வங்கியும் நீங்களும் பங்காகச் சொந்தமாக்கி, வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்தபடி அந்தப் பங்கை மாதாமாதம் வாங்கிச் சேர்ப்பது. கையெழுத்துக்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். கட்டிட வேலை நடக்கும் மாதங்களில் என்ன கட்ட வேண்டும்? வங்கியின் வாடகை எப்போது மாற்றப்படும், எதைப் பார்த்து? தவணை பிந்தினால் அறவிடும் தொகை எங்கே போகிறது?

எவ்வளவு கடன் எடுக்கலாம்? வருடத்தில் பன்னிரண்டு மாத வாடகை வரும் என்று ஒருபோதும் கணக்கிடாதீர்கள். இரண்டு மாதம் வெறுமையாக நிற்கும் என்று வையுங்கள். ஒரு மாத வாடகை திருத்த வேலைக்கும் சோலைவரிக்கும். மிஞ்சுவது ஒன்பது மாதம். 20,000 ரூபா வாடகை என்றால் வருடத்துக்கு 1,80,000, மாதத்துக்கு 15,000. தவணை இதற்குள் அடங்க வேண்டும், 12,000 அளவில் நின்றால் நிம்மதி. தவணை பெரிதாகி, அதை ஈடுகட்ட வாடகையைக் கூட்டினால், நீங்கள் யாருக்காகக் கட்டினீர்களோ அந்தத் தாதியும் ஆசிரியையும் வர முடியாது.

சூரியப் படலம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2016 செப்டெம்பரில் சூரிய பல சங்கிராமம் என்ற அரச திட்டம் தொடங்கியபோது கொடுக்கும் மின்சாரத்துக்கு முதல் ஏழு வருடம் அலகு 22 ரூபா என்று இருந்தது. அதன்பின் புதிதாகச் சேர்வோருக்கான விலை பல தடவை மாறியது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின்பாவனை குறைந்ததால், கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டதும் நினைவிருக்கும். ஒரு கிலோவொட் தொகுதி மாதம் நூறு அலகுக்குச் சற்று மேல் தரும், அது நல்ல வரவு. ஆனால் வீட்டுக் கடனின் தவணையை அந்த வரவின்மேல் ஏற்றாதீர்கள். முதலில் கூரை, பிறகு மின்விசிறி, வீடு ஓரிரு வருடம் ஓடி வருமானம் நிலைத்தபின் சூரியப் படலம். பூட்டும்போது கடலுப்பு அரிக்காத அலுமினியச் சட்டமும் துருப்பிடிக்காத ஆணியும் கேளுங்கள். சாதாரண இரும்பு இந்தக் கரையில் நின்றுபிடிக்காது.

உறுதி யார் பெயரில்?

கிழக்கில் வீடு மகளுக்கு. தமிழரிலும் முஸ்லிம்களிலும் கல்யாணத்தோடு வீட்டையும் வளவையும் மகள் பெயருக்கு எழுதிவிட்டு, உம்மாவும் வாப்பாவும் வளவின் ஓரத்துக்கு ஒதுங்குவது இங்கே வழமை. கடன் எடுக்கும்போது இது முன்னால் வந்து நிற்கும். உழைத்துத் தவணை கட்டப்போவது கணவர், அவர் பலவேளை தோஹாவில் இருப்பார். ஈடு வைக்கப்படும் காணி மனைவியின் பெயரில். மனைவி கடனில் கட்டாயம் ஒரு தரப்பாக இருக்க வேண்டும், வாடகை அவருடைய கணக்குக்கே வரவேண்டும், உடன்படிக்கையில் வீட்டுக்காரராக அவரே கையெழுத்திட வேண்டும். காணி அவருடையது, ஆபத்தும் அவருடையது, ஆகையால் வருமானத்தை அவர் பார்ப்பதே முறை. பின்கட்டு நாளை இரண்டாவது மகளுக்குச் சீதனமாகப் போகுமென்றால், கடன் முடியும் வருடமும் அவளுக்கு இருபத்தைந்து வயதாகும் வருடமும் மோதாமல் பாருங்கள். ஈட்டில் கிடக்கும் வீட்டை நினைத்தபடி சீதனமாக எழுத முடியாது.

உறுதி இல்லாத காணியும் இங்கே நிறைய. அனுமதிப்பத்திரக் காணியை ஈடு வைக்கப் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். சுனாமி வீட்டுத் திட்டங்களில் உறுதி கைக்கு வராதவர்கள் அதை முதலில் முடிக்க வேண்டும். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேறு. பணம் இருந்தும் உரித்து தெளிவில்லாவிட்டால் என்னவாகும் என்பதற்கு அக்கரைப்பற்று நுரைச்சோலையைப் பாருங்கள். சுனாமியில் வீடிழந்தோருக்கென்று சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் அங்கே எழும்பின. யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், வீடுகள் வருடக்கணக்காக ஆளில்லாமல் கிடந்தன. அந்தக் காலம் முழுவதும் கல்முனையில் ஆட்கள் வாடகைக்கு அலைந்தார்கள்.

வாடகை உடன்படிக்கையை நொத்தாரிசு முன் எழுதுங்கள். குத்தகைக்கு விட்ட வளவின் உடைமையை மீளப் பெறுவதற்கென 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. முறைப்படி எழுதிய உடன்படிக்கை இருந்தால் அந்த விரைவான வழியைப் பாவிக்கலாம். வீட்டை விட்டால் ஆள் எழும்ப மாட்டார் என்ற பயத்திலேயே பலர் மேல்மாடியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். எழுதப்பட்ட காகிதம் அந்தப் பயத்தைக் குறைக்கும், வங்கியிலும் வருமானத்துக்கு அத்தாட்சியாகும். குடியிருப்பவருக்கும் இது பாதுகாப்பு. இடைநடுவில் வாடகையைக் கூட்டவோ எழும்பச் சொல்லவோ முடியாது.

வக்புக் காணி

குடும்பத்தின் கைக்கு எட்டாத ஒரு அளவும் உண்டு. பத்து, இருபது வீடுகள் ஒரே இடத்தில், நியாயமான வாடகைக்கு, எப்போதும் வாடகைக்கென்றே நிற்க வேண்டுமென்றால் காணியின் விலையைக் கணக்கிலிருந்து கழற்ற வேண்டும். கல்முனையில் கட்டிடத்தைவிடக் காணிதான் மூச்சைப் பிடிக்கிறது. பள்ளிவாசல்களிடம் அறக்கொடையாக வந்த வக்புக் காணி இருக்கிறது. கடைகளைக் கட்டி வாடகை வாங்கும் பழக்கமும் இருக்கிறது. அதே காணியில் வீடு கட்ட ஏன் கூடாது? 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வக்புச் சபையின் அனுமதியோடு நம்பிக்கையாளர்கள் இதைச் செய்யலாம். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் 2000களின் தொடக்கத்தில் பென்கூலன் தெரு வக்புக் காணியில் இதைச் செய்தது. பழைய பள்ளிவாசலை இடித்து, பள்ளிவாசலோடு வணிகக் கட்டிடமும் வாடகைக் குடியிருப்பும் எழுப்ப, முஷாரகா முறையில் 3 கோடியே 50 இலட்சம் சிங்கப்பூர் டொலர் திரட்டியது. நம் அளவு சிறியது. ஊரிலும் வளைகுடாவிலும் உள்ளவர்களிடம் பங்காகச் சேர்த்து, வாடகையில் பங்குக்குரிய இலாபம் கொடுத்து, பத்துப் பதினைந்து வருடத்தில் பங்குகளைப் பள்ளிவாசலே மீட்டுக்கொள்ளும்படி எழுதலாம். இதை நான் மனதார விரும்புகிறேன். நிர்வாக சபை மாறும்போது கணக்கும் தொலைந்துபோகாதபடி, வருடாந்தக் கணக்காய்வை முதல் நாளே பத்திரத்தில் சேர்த்துவிடுங்கள்.

கோமாரியில் கணக்கு வேறு

திருக்கோவிலைத் தாண்டிப் பொத்துவிலுக்குப் போகும் வழியில் உள்ள கோமாரியில் காணி நெருக்கம் இல்லை. அங்கே நெருக்குவது பருவம். ஏப்ரல் முதல் ஒக்டோபர்வரை அறுகம்பைக்கு அலைச்சறுக்க வருவோர் பொத்துவிலை நிரப்பி, சங்கமன்கண்டிப் பக்கம்வரை பரவுகிறார்கள். ஒரு இரவுக்குக் கிடைக்கும் காசைப் பார்த்ததும் மாத வாடகைக்கு இருந்த ஆசிரியரை எழுப்பிவிட்டு அறையைப் பயணிகளுக்குக் கொடுக்கத் தோன்றும். பருவம் முடிந்ததும் அறை வெறுமை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் 2020 கொரோனாக் காலத்திலும் பயணிகள் வராமல் போனபோது கடன் எடுத்துக் கட்டியவர்கள் பட்ட பாடு இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

கோமாரியில் கட்டுவோர் வளவில் இரண்டு பகுதி போடுங்கள். ஒன்று வருடம் முழுவதும் மாத வாடகைக்கு, தனி வாசல், தனி மீற்றர், நல்ல கூரை. மற்றது பருவத்துக்கு. வங்கித் தவணை முழுவதும் முதலாவது பகுதியின் ஒன்பது மாத வாடகைக்குள் அடங்க வேண்டும். பருவக் காசு வந்தால் அதை அடுத்த தவணைகளுக்கு முன்கூட்டிக் கட்டுங்கள். முன்கூட்டிக் கட்டினால் வங்கி தண்டம் அறவிடுமா என்று கடன் எடுக்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக்குப் போகும் நாளில் உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம், பிரதேச சபை அங்கீகரித்த கட்டிட வரைபடம், சோலைவரிப் பற்றுச்சீட்டு, ஆறு மாத வங்கிக் கூற்று, செலவு மதிப்பீடு எல்லாம் ஒரே கோவையில் இருக்கட்டும். மதிப்பீட்டில் கூரை, அலுமினியத் தாள், சீலிங் மூன்றையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். தனி வரியாக எழுதினால்தான் மதிப்பீட்டாளர் அதை வீட்டின் பெறுமதியில் சேர்ப்பார், கடனின் கடைசிப் பகுதியை விடுவிக்கும்போது வங்கியும் அது போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும்.